விண்டோஸ் 11-இல் சர்வர் எழாமை: வேலூர்த் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 20. இடைப்பட்ட சில நாள்கள் தோல் தொழில் வரலாற்றில் தனி இயல் பெறத் தக்கவை. போனஸ் பட்டியல் போடும் வாரமும், "விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்" என்ற அறிவிப்பு திரையை மறைக்கும் வாரமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மாறியவர்களில் சிலருக்குக் கணினி முன்னைவிட அழகாக எழுந்தது. சம்பள மென்பொருள் மட்டும், தரவுத்தளம் கிடைக்கவில்லை என்று கைவிரித்தது. அக்கைவிரிப்பின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்

களத்தை வரையறுப்பதிலேயே இடர்ப்பாடு தொடங்குகிறது. வேலூர்த் தோல் வட்டாரம் என்று எல்லோரும் சொல்கிறோம். 2019 நவம்பர் 28 முதல் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ராணிப்பேட்டையும் மேல்விசாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவை. பெயருக்குரிய மாவட்டத்தில் மிஞ்சிய பெரிய தோல் ஊர் பேரணாம்பட்டு. ஆயினும், ஆம்பூருக்கு "வேலூர் மாவட்டம்" என்று எழுதிய பார்சல் ஆம்பூருக்கே போய்ச் சேர்கிறது. தவறான முகவரியைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஆள் ஒருவர் நடுவில் இருப்பதே காரணம். இந்த நடு ஆள் இவ்வாய்வில் முக்கியப் பாத்திரம் வகிப்பார்.

முன்னைய கொள்கைகள்

அக்கவுண்ட்ஸ் அறைகளில் வழங்கும் கொள்கைகள் நான்கு.

முதலாவது ரீஸ்டார்ட் கொள்கை. எளிமையே இதன் சிறப்பு. எதையும் விளக்காமல் சில நோய்களைத் தீர்க்கும். இந்நோய் அவற்றுள் ஒன்றன்று.

இரண்டாவது வைரஸ் கொள்கை. யாரோ பென்டிரைவ் போட்டுவிட்டார்கள் என்பது இதன் சாரம். அந்த யாரோ, பெரும்பாலும் அன்று விடுப்பில் இருப்பவர்.

மூன்றாவது யூபிஎஸ் கொள்கை. கரண்ட் போய் வந்த நாள்களில் மட்டும் இதற்கு ஆதரவாளர் பெருகுவர்.

நான்காவது மறுநிறுவல் கொள்கை. சம்பள மென்பொருளின் தரவுத்தளத்தை நடத்தும் பழைய சீக்வல் சர்வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடு என்பது. இது ஆபத்தானது, பயனும் இல்லாதது: அதே டிஸ்க்கில் புதிதாகப் போட்டாலும், நிறுவலின் கடைசிப் படியில் தரவுத்தள எஞ்சின் எழாமல் அங்கேயே விழும்.

இக்கொள்கைகள் மோதும் விவாதத்தின் மாதிரி வருமாறு:

"என்ன பாய், சர்வர் ஏறிடுச்சா?"

"ஏறல சார். விண்டோஸ் நல்லாத்தான் இருக்கு, சீக்வல்தான் எழுந்திரிக்க மாட்டேங்குது."

"நல்லா ஓடிட்டு இருந்ததை ஏன் மாத்தினீங்க?"

"அதுதான் சார் டெய்லி மாத்து மாத்துன்னு கேட்டுச்சு."

சான்றும் விளக்கமும்

நான்கு கொள்கையினரும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பதில்லை. அங்கே விடை எழுதியிருக்கும். லாக் கோப்பில் 256 எழுதும் வேலைகள் வரிசைக்குப் பொருந்தாமல் விலகின என்ற பொருளில் ஒரு செய்தி வந்திருக்கும்.

பொருள் விளக்கம்: தரவுத்தளம் எந்தக் கணக்கைத் திருத்தினாலும் முதலில் லாக்கில் குறித்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனாலும் கணக்கு பிழைத்திருப்பது இந்தக் குறிப்பால்தான். இக்குறிப்பை டிஸ்க்கின் செக்டர் அளவுக்குச் சரியாகப் பொருந்தும்படி எழுத வேண்டும். சீக்வல் சர்வர் ஒப்புக்கொள்ளும் செக்டர் அளவுகள் இரண்டே: 512 பைட், 4096 பைட். புதிய என்விஎம்இ டிஸ்க்குகள் சில, தம் அளவு 8192 என்றோ 16384 என்றோ சொல்லும்.

அதே டிஸ்க் விண்டோஸ் 10-இல் எப்படி ஓடிற்று? அங்கே இருந்த பழைய டிரைவர், டிஸ்க் சொன்னதை அப்படியே மேலே சொல்லாமல், சர்வருக்குச் செரிக்கும் அளவாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11-இன் டிரைவர் டிஸ்க் சொன்னதை ஒரு பைட் மாறாமல் ஒப்புவிக்கிறது. டிஸ்க் அதே, தரவு அதே, சர்வர் அதே. மாறியது தூதுவனின் நேர்மை மட்டும்.

தோல் வட்டாரத்தார் இதை நொடியில் புரிந்துகொள்வர். முடித்த தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. ஈரம் ஏறினால் தோல் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே டேனரி மெஷின் காட்டும் அடியும், வாங்குபவர் மெஷின் காட்டும் அடியும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இரண்டு கணக்கையும் தெரிந்த தரகர், இருவரிடமும் முழுதாகச் சொல்லாமல் வியாபாரத்தை முடித்துவைப்பார். விண்டோஸ் 10-இன் டிரைவர் அத்தகைய தரகர். அப்கிரேடு செய்தபோது தரகர் போய், நேர்மையான குமாஸ்தா வந்தார். வியாபாரம் நின்றது.

தீர்வு: ஒரு வழுவமைதி

தீர்வு ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. என்விஎம்இ டிரைவருக்கான இடத்தில் 'ஃபோர்ஸ்டு ஃபிசிக்கல் செக்டர் சைஸ் இன் பைட்ஸ்' என்ற பதிவைச் சேர்த்து, அதற்கு '* 4095' என்ற மதிப்பைக் கொடுத்துக் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். (முதற்கொள்கையாருக்கு இங்கே ஆறுதல் வெற்றி.) இது மைக்ரோசாஃப்டே வெளியிட்ட வழி. அதாவது, உண்மை பேசும் டிரைவரை மீண்டும் பொய் பேசுமாறு, பொய்யை உண்டாக்கிய நிறுவனமே எழுத்துமூலம் ஆணையிடுகிறது. சொல்ல வேண்டிய அளவு 4096. ஆணையில் நிற்பது 4095. பொய்யிலும் ஒன்று குறைக்கும் இந்த அடக்கம் தனி ஆய்வுக்குரியது.

தமிழ் இலக்கணிகள் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாகப் பிரித்தார்கள். விண்டோஸ் 11 பேசுவது வழாநிலை. விண்டோஸ் 10 பேசியது வழு. ரெஜிஸ்ட்ரிப் பதிவு, காரணம் காட்டி அனுமதிக்கப்பட்ட வழு, ஆகவே வழுவமைதி. நன்மை தரும் பொய்யைப் பற்றிப் பேச வந்தும் வள்ளுவரை மேற்கோள் காட்டாது விட்டமை இவ்வாய்வின் குறைகளுள் ஒன்று.

எல்லைகளும் பரிந்துரைகளும்

அப்கிரேடுக்குப் பின் எழாத சர்வர் எல்லாவற்றுக்கும் இந்நோய் என்று கொள்ளலாகாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் செக்டர் விவரத்தைக் கேட்க வேண்டும். 4096-க்கு மேற்பட்ட எண் வந்தால் மட்டுமே மேற்கண்ட மருந்து. அதற்கும் முன்பு தரவுத்தளத்தின் எம்டிஎஃப், எல்டிஎஃப் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவைக்க வேண்டும். சர்வர் எழவில்லை என்பதால் கணக்கு அழிந்துவிட்டதாகப் பொருளில்லை. அழிப்பவர் பெரும்பாலும் நான்காம் கொள்கையினரே.

இறுதியாக, இயங்குதளத்தை உயர்த்த விரும்புவோர் புதிதாக என்ன வருகிறது என்று பார்ப்பதோடு, எந்தத் தரகருக்கு வேலை போகிறது என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்க நேரமில்லாதவர்கள், போனஸ் போட்டு முடித்த பிறகு மாறட்டும்.