கணக்கை முதலில் வையுங்கள்

தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் 1990களில் தேர்தல் என்றால் ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. "சார், இந்த வருஷமும் நீங்களே இருந்துடுங்க" என்று கெஞ்சித்தான் ஒருவரைச் செயலாளராக்குவோம். எப்படி நிர்வாகம் நடத்துவீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அப்போதைய செயலாளர் ஒருவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு மினிட்ஸ் நோட்டும், வவுச்சர்கள் குத்திய கம்பியுமாக வருவார். வரவு செலவை நின்றுகொண்டே வாசிப்பார். தெருவிளக்குக்கு டியூப் வாங்கியது, சாக்கடை அடைப்பெடுத்த கூலி, ஒன்றும் விடமாட்டார். யாராவது சந்தேகம் கேட்டால், கம்பியிலிருந்து அந்தச் சீட்டை உருவி நீட்டுவார். கேட்டவர் படித்துத் திருப்பித் தரும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார். தீர்மானத்தை எதிர்த்தவர்களின் பெயரும் காரணமும் மினிட்ஸில் ஏறும். பேசத் தெரியாத மனிதர். அவர் காலத்தில் சந்தா கேட்டுப் போனால் யாரும் கதவடைத்ததில்லை.

இப்போது தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. சமுதாயக் கூடத்தில் மைக், திரை, நாற்காலிகள். போட்டி வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி; அதில் ஒருவர் பெண் என்பதில் இன்னும் மகிழ்ச்சி. அந்தக் காலத்து மினிட்ஸ் நோட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூடக் கிடையாது. எல்லோரையும் கலந்து முடிவெடுப்பேன் என்றார் அந்தப் பெண் வேட்பாளர். கறாராக இருப்பேன், பராமரிப்புத் தொகை பாக்கி வைத்தவர் பெயரைப் பலகையில் போடுவேன் என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் வெளிப்படையான நிர்வாகம் பற்றி விரிவாகப் பேசினார். நேற்றுவரை அவர்தான் பொருளாளர்.

பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார்: "போன வருஷக் கணக்கு எங்கப்பா?"

"ஆடிட்டர்கிட்ட இருக்கும்மா. வாட்ஸாப் குரூப்ல போட்டுடறோம்."

அந்தக் குரூப்பில் அட்மின்கள் மட்டும்தான் எழுத முடியும். கணக்கு வந்தாலும், அதைப் பற்றிக் கேட்க அங்கே வழியில்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் இன்றும் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. நிலமுள்ளவர்களுக்கு மட்டுமேயான சபை அது, அந்தக் குறை பெரிய குறைதான். ஆனால் ஒருவர் எப்படி ஆள்வார் என்பதை அவர் பேச்சில் தேடாமல் அவர் விட்டுப்போன கணக்கில் தேடினார்களே, அந்தத் தெளிவு நமக்கு வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் சங்கங்கள் கணக்கு வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

வரும் ஞாயிறு வாக்குப்பதிவு. மாதாமாதம் வங்கிப் பாஸ்புக் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவீர்களா என்று மூவரிடமும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். கறார்க்காரர் மட்டும் சம்மதம் என்று கையெழுத்திட்டுத் தந்துவிட்டார். பாக்கிதாரர் பெயரைப் பலகையில் போடும் அவருடைய யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, அதைப் பொதுக்குழுவில் எதிர்ப்பேன். ஓட்டு அவருக்குத்தான்.