மாகாணி கிரவுண்டில் நாலு பேர்

ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. தாம்பரத்தை ஒட்டிய எங்கள் முடிச்சூரில் அரை கிரவுண்டு வைத்திருப்பவர் பெரிய மனிதர். கால் கிரவுண்டு வைத்திருப்பவர் மாதத் தவணை கட்டும் மனிதர். அதற்குக் கீழே அரைக்கால், அதற்கும் கீழே மாகாணி என்று தமிழன் வாய்ப்பாடு இறங்கிக்கொண்டே போகும். ஆனால் மாகாணி கிரவுண்டில், அதாவது நூற்றைம்பது சதுர அடியில், நாலு பேரைக் குடிவைத்து அதைச் சொகுசு என்று விற்கும் துணிச்சல் எங்கள் ஊர் மனை புரோக்கருக்கே இன்னும் வரவில்லை. கப்பல்காரனுக்கு வந்துவிட்டது. அதற்குப் பெயர் ஃபேமிலி கேபின்.

எனக்கு அதை விற்றவர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம், வயிற்றுப் பிழைப்பு. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கும் மூன்று ராத்திரிக் கப்பல். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், எழுபது தாண்டிய அம்மா.

"நாலு பேர் ரூம் சார். மூணாவது ஆளும் நாலாவது ஆளும் ஃப்ரீ. போர்ட் டாக்ஸ், டிப்ஸ் மட்டும் கட்டினா போதும்."

"அம்மாவுக்குத் தனியா ஒரு சின்ன கேபின் போட்டுக்கலாமா?"

"போடலாம் சார். ஆனா ஒருத்தருக்கே ரெண்டு பேர் காசு கட்டணும்."

ஆக, என் அம்மா தனியாகப் படுத்தால் அவர் இரண்டு பேர். எங்களோடு படுத்தால் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து இரண்டு பேர். கணக்கு வாத்தியாரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். டிராவல்ஸ்காரர் காபி வரவழைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

கேபின் கதவைத் திறந்ததும் முதலில் நாங்கள் பார்த்தது எங்களையே. எதிரே முழு நீளக் கண்ணாடி, இடம் இருப்பதுபோல் காட்ட. கதவை முழுக்கத் திறந்தால் பாத்ரூம் கதவு திறக்காது. பாத்ரூம் கதவைத் திறந்தால் அலமாரி திறக்காது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் திரைச்சீலை இருந்தது. விலக்கிப் பார்த்தேன், சுவர். சுவருக்குத் திரை போட்ட அந்தப் புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். கீழே இரண்டு கட்டில்கள் ஒட்டிக் கிடந்தன. "மிச்ச ரெண்டு கட்டில் எங்கடா?" என்று அம்மா கேட்டார். அறையைக் கவனித்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் தம்பி சிரித்துக்கொண்டே வந்து, கூரையில் ஒரு சாவியைச் செருகித் திருகினான். கூரை பிளந்து பலகை இறங்கியது. மெத்தை, தலையணை, அதன்மேல் சாக்லேட்டு. அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒன்று.

நம் வீடுகளில் அதற்குப் பெயர் பரண். பழைய குக்கர், கொலு பொம்மை, தாத்தாவின் டிரங்குப் பெட்டி எல்லாம் அங்கேதான் கிடக்கும். அம்மாவால் ஏற முடியாது, மனைவிக்கு முட்டி வலி. எனவே குடும்பத் தலைவன் ஏணி வழியாகப் பரணேறினான். மூக்குக்கும் கூரைக்கும் ஒரு முழம் இடைவெளி. புரண்டு படுத்தால் பலகை கிறீச்சிடும், கீழே அம்மா "பாத்துடா" என்பார். கொலு பொம்மையாவது வருஷத்துக்கு ஒன்பது நாள் படியில் இறங்கி உட்காரும்.

இது ஏதோ ஒரு கப்பலின் கஞ்சத்தனம் என்று நினைத்தால் தப்பு. இந்தத் தொழிலின் நாடியே இந்தப் பரண்தான்.

நூறு சதவீதம் என்றால் நிரம்பிவிட்டது என்று நீங்களும் நானும் நினைப்போம். உல்லாசக் கப்பல் கணக்கில் நூறு என்பது ஆரம்பம். கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்து, எல்லாக் கேபினும் இருவரோடு நிறைந்தால் அது நூறு. பரணில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் நூறுக்கு மேல் வரவு. ராயல் கரீபியன் குழுமம் 2024ஆம் ஆண்டு முழுக்கத் தன் கப்பல்களை 108 சதவீதத்துக்கு மேல் நிரப்பி ஓட்டியதாக முதலீட்டாளர்களுக்குக் கணக்கு கொடுத்தது. நம்மூரில் 108 என்றால் ஆம்புலன்ஸ். அங்கே அது லாபம்.

அதே குழுமத்தின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. இருவர் கணக்கில் 5,610 பயணிகள். உச்சமாக ஏற்றக்கூடியது 7,600. ஊழியர்கள் 2,350. அந்த 5,610க்கும் 7,600க்கும் நடுவே 1,990 பேர் இருக்கிறார்களே, அவர்கள் யார்? பிள்ளைகள், பாட்டிகள், என்னைப் போன்ற பரண்வாசிகள். பள்ளி விடுமுறை விட்டதும் இந்த இரண்டாயிரம் பேர் வந்து சேர்வார்கள். அவர்களோடு சேர்ந்து நீச்சல் குளம் வளராது, லிஃப்ட் வளராது, சாப்பாட்டுக்கூடம் வளராது. வளர்வது வரிசை மட்டும். 'குடும்பக் கப்பல்' என்ற வார்த்தைக்கு இதுதான் பதவுரை: குடும்பத்தைக் காட்டி ஒரே அறையை இரண்டு தரம் விற்பது.

எங்கள் கப்பலில் இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு மேல்தளத்துக்குப் போனேன். குளத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான சாய்நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. எல்லாவற்றிலும் துண்டு! கோயம்பேட்டில் பொங்கலுக்கு முதல் நாள் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவன் நான். அந்தக் கலை தமிழனோடு பிறந்தது என்று இறுமாந்திருந்தேன். சிவந்த மேனி ஆஸ்திரேலியத் தாத்தா ஒருவர் ஆறு நாற்காலிக்குத் துண்டு போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டுப் போனார். செருப்பு வைக்கும் நுட்பம் நமக்கே தெரியாதது. கைகூப்பிவிட்டு வந்தேன்.

நம் ரயில்வேயும் சளைத்ததல்ல. லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது ஸ்லீப்பர் பெட்டியின் சைடு லோயருக்கும் சைடு அப்பருக்கும் நடுவே ஒரு பலகையைச் செருகி, 72 பேர் படுக்கும் பெட்டியை 81 ஆக்கினார்கள். சனங்கள் வைத வசவில் சில வருஷத்திலேயே கழற்றிவிட்டார்கள். மும்பை மின்ரயிலில் சதுர மீட்டருக்குப் பதினாலு, பதினாறு பேர் நிற்பதற்கு 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு' என்று பெயர் வைத்ததும் ரயில்வேதான். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நசுக்குகிறோம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். தாம்பரத்தில் காலை எட்டரை பீச் வண்டியில் தொங்குகிறவனிடம் யாரும் 'மறக்க முடியாத அனுபவம்' என்று சிற்றேடு கொடுப்பதில்லை.

உல்லாசக் கப்பல் சென்னைக்கும் வந்தது. கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990இல் பிரான்ஸில் கட்டி, 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காக ஓடத் தொடங்கிய கப்பல் அது. நான் அதில் ஏறியதில்லை, எனவே குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் சொல்ல வந்தது கரையில் நடந்த கூத்தை. புதுச்சேரியில் சூதாட்டம் வந்துவிடும், கலாசாரம் போய்விடும் என்று கொதித்தார்கள். துணைநிலை ஆளுநர் மாளிகை வரை பேச்சு போய், அங்கே ஆள் இறக்க அனுமதி கிடைக்காமல் கப்பல் திரும்பியது. மறு வருஷம் ஜூனில் மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் அதே கப்பலை இலங்கைக்குக் கொடியசைத்தார். இத்தனை கொடி, இத்தனை அறிக்கை, இத்தனை கலாசாரம். ஒரு அறையில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை அடி என்று ஒரு கட்சிக்காரர் கேட்டதாக என் காதில் விழவில்லை. நெரிசல் நமக்குக் கலாசாரம் ஆகிவிட்டதோ என்னவோ.

தமிழனைக் கப்பலில் அடுக்குவது புதிதா என்ன? 1926இல் கட்டிய 'ரஜுலா' சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. இன்றைய 'எம்பிரஸ்' டன் கணக்கில் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் அது ஏற்றுவது ஈராயிரத்தைச் சுற்றித்தான். ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்கள் பாயை விரித்து, வெங்காய மூட்டையைத் தலைக்கு வைத்து, வானத்தைப் பார்த்துப் படுத்தார்கள். 1970களில்தான் உலக நாடுகள் கூடி, இந்தியப் பெருங்கடல் பக்கம் ஓடும் இப்படிப்பட்ட கப்பல்களில் படுக்கையில்லாப் பயணிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டன. அதற்குள் சனங்கள் விமானத்துக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். டெக் பயணிக்கு ஒன்றுமட்டும் கிடைத்தது: அவனிடம் அதைச் சொகுசு என்று யாரும் சொல்லவில்லை.

கப்பல்காரனுக்கு ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். எத்தனை பரண் இறக்கினாலும் அவன் தாண்ட முடியாத ஒரு எண் உண்டு, உயிர்காக்கும் படகின் எண். அதுவும் அவன் கருணையால் வந்ததல்ல. 1912இல் டைட்டானிக் கிளம்பியபோது படகுகளில் இடம் 1,178 பேருக்கு. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200. சட்டமீறல் என்று நினைக்காதீர்கள். அன்றைய பிரிட்டிஷ் விதி கப்பலின் டன் அளவைப் பார்த்துப் படகு எண்ணியது, ஆளைப் பார்த்து அல்ல. விதி கேட்டது 16 படகு, டைட்டானிக்கில் இருந்தது 20. சட்டத்தைவிட நாலு படகு கூடுதலாக வைத்துக்கொண்டு, சட்டப்படி முழுகினார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் செத்த பிறகுதான் தலைக்கு ஒரு இடம் என்று 1914இல் எழுதினார்கள்.

நம் படகுகளில் அந்த எண்ணுக்கும் மதிப்பு கிடையாது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி. கேரள சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு. ஏரியைச் சுற்றிப் பார்க்க மீன்பிடிப் படகில் ஏறிய 22 பேர், பெண்கள், குழந்தைகள். 2023 மே 7, தானூர். மீன்பிடி வள்ளத்தை உல்லாசப் படகாக்கி, அனுமதித்ததற்கு மேல் ஆளேற்றி, இன்னொரு 22 பேர். அதில் ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். குடும்பமாக வந்தால் சலுகை என்று விற்கிறான் பாருங்கள், அந்தச் சலுகையின் மறுபக்கம் இதுதான். ஒவ்வொரு முறையும் மறுநாள் அமைச்சர் வருவார், நிதி அறிவிப்பார், விசாரணைக் கமிஷன் வரும், நாலு வாரத்துக்கு எல்லாப் படகிலும் ஆரஞ்சு உடுப்பு தொங்கும். ஐந்தாம் வாரம் அது படகோட்டிக்குத் தலையணை. செத்தவர்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். ஏற வேண்டியவர்களின் எண்ணிக்கை படகின் பக்கவாட்டில், சவாரிக்காரன் காலடியில், பாதி அழிந்து கிடக்கும்.

படகுக்காவது கொள்ளளவு என்று ஒன்றை எழுதினார்கள், எங்கள் ஊருக்கு அதுவும் இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளுக்கெல்லாம் இவ்வளவு தண்ணீர் என்று கணக்கு உண்டு. அவை நிரம்பி அடையாற்றில் வழியும்போது, ஆறு போகிற வழியில் எத்தனை மனை போடலாம் என்று கணக்கு கிடையாது. பட்டா உண்டு, மின்இணைப்பு உண்டு, வங்கிக் கடன் உண்டு. ஆற்றுக்கு மட்டும் இடம் இல்லை. 2015 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. இன்றும் சிலர் எங்களிடம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தானே என்று துக்கம் விசாரிப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்களுக்குக் கீழே போய்த்தான் ஆற்றில் சேர்கிறது ஐயா, எங்களை முழுக்கியது மேலேயிருந்து வந்தது.

அன்றைக்குத்தான் எங்கள் குடும்பத்தின் முதல் கப்பல் பயணம். எங்கள் தெருவுக்குள் ஒரு ஃபைபர் படகு வந்தது. எங்கிருந்தோ லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்திருந்த மீனவத் தம்பிகள். மொட்டை மாடியில் நாங்கள் பதினேழு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் படி இறங்கினோம். முன்னால் நின்றவன் துடுப்பைக் குறுக்கே நீட்டிவிட்டான்.

"எட்டுப் பேர்தான். மிச்சப்பேர் அடுத்த நடை."

"இன்னும் ரெண்டு பேர் ஏறலாம் தம்பி, எடம் இருக்கே."

"எடம் இருக்கு. படகு நிக்காது. அம்மா, நீங்க கொழந்தையத் தூக்கினு ஏறுங்க."

நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ஏறினார். நான் இரண்டாம் நடை. மணி ஒன்றேகால் ஆனது, ஆனால் வந்தான். என் வாழ்நாளில் ஒரு வாகனத்துக்காரன் "போதும், இறங்கு" என்று சொன்னது அந்த ஒரு முறைதான். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

சிங்கப்பூர்க் கப்பலில் ஏறிய அன்றே எல்லோரையும் கூட்டி ஆபத்துக்காலப் பயிற்சி நடத்தினார்கள். ஆளுக்கொரு அட்டை, அதில் ஒரு எழுத்தும் எண்ணும். மணி அடித்தால் அங்கே போய் நிற்க வேண்டும், அந்தப் படகில் உங்களுக்கு இடம் உண்டு. அம்மாவின் அட்டையில் பி-6. அதை மூன்று நாளும் கழுத்திலேயே மாட்டியிருந்தார், தூங்கும்போதும். ஊர் திரும்பிய பிறகு ரேஷன் கார்டு இருக்கும் பிஸ்கட் டப்பாவில் அதை வைத்தார்.

போன ஐப்பசியில் வானிலைக்காரர்கள் ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட ராத்திரி. மனைவி ஃபிரிட்ஜை மரப்பலகைமேல் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பைக்கை மேட்டுக்குத் தள்ளிவிட்டு நனைந்து வந்தேன். அம்மா டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, பஞ்சாயத்துல நமக்கு இந்த மாதிரி ஒண்ணு குடுத்திருக்காங்களா?"

"இல்லம்மா."

"கேட்டுப் பாத்தியா?"

கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, மொட்டை மாடிச் சாவி ஆணியில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.