வாசகர் கேள்வி-பதில்: மல்லாட்டை ஏன் சலசலக்கிறது?

லாஸ்பேட்டை வாசகி: டப்பா நிறைய அரிசி கொட்டினேன். மாதக் கடைசியில் பாதிதான் இருக்கிறது. காய்ந்து சுருங்கிவிட்டதா?

சோறாகிவிட்டது.

குயவர்பாளையம் வாசகர்: காய்ந்த மல்லாட்டையைக் குலுக்கினால் ஏன் சலசலக்கிறது?

ஆஹா, இதற்காகத்தானே காத்திருந்தேன்! பிடுங்கிய அன்று மல்லாட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சத்தமே வராது. பருப்பு தோட்டை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாலைந்து வெயில் பட்டதும் பருப்பிலிருக்கும் தண்ணீர் போகும், போன அளவுக்கு அது ஒடுங்கும். தோடு கட்டை மாதிரி, அவ்வளவாக அசைந்து கொடுக்காது. வீடு அதே வீடு, குடியிருப்பவர் இளைத்துவிட்டார். அதனால்தான் உள்ளே உருள்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் புதுச்சேரியிலிருந்து பிரான்ஸின் மர்செய் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாக மல்லாட்டை போனது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். அத்தனை நாள் கடல் பயணம்! ஈரத்தோடு ஏற்றினால் போய்ச் சேர்வது பூசணம்தான். கொறிக்க வாங்கினாலும் சரி, குலுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

நெல்லித்தோப்பு வாசகர்: பாட்டி இன்னும் மரக்காலால் அளக்கிறார். நாங்கள் தராசில் போடுகிறோம். எது நியாயம்?

நான் பாட்டி கட்சி! 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று சொல்லும்போதே எனக்கு வாய் இனிக்கும். கிலோவும் லிட்டரும் பிரெஞ்சுக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்தவை, மரக்கால் நம்முடையது. அதில் ஒரு சூட்சுமமும் உண்டு. நெல் காயும்போது உள்ளே அரிசி ஒடுங்கும், மேலே உமி விறைப்பாக நிற்கும். அதனால் எடை இறங்குகிற அளவுக்குக் குவியல் இறங்காது. ஈர நெல்லை மரக்காலால் அளந்து விற்றவருக்குத் தண்ணீர்க் காசு அதிகம் தேறவில்லை. தராசு வந்ததும் தண்ணீருக்கும் நெல் விலை வந்துவிட்டது. உளுந்து, பயறு கதை வேறு. காயக் காய மணியும் சிறுக்கும், குவியலும் தாழும். அதைப் பச்சையாக மரக்காலில் வாங்கினால் வாங்குகிறவருக்கு நஷ்டம். அது கிடக்கட்டும், பாட்டி தலைதட்டி அளக்கிறாரா, கோபுரமாகவா? கேட்டு எழுதுங்கள்.

பாகூர் வாசகர்: 75 கிலோ நெல் மூட்டை, ஈரம் 20 சதவீதம். 14 சதவீதத்துக்குக் காயவைத்தேன். 6 சதவீதம் என்றால் நாலரை கிலோதானே குறைய வேண்டும்? ஐந்து கிலோவுக்கு மேல் குறைகிறது. களத்து ஆள் மேல் சந்தேகமாக இருக்கிறது.

ஐயா, அவரைச் சந்தேகப்படாதீர்கள். 75 கிலோவில் 20 சதவீதம் என்றால் 15 கிலோ தண்ணீர். மீதி 60 கிலோதான் சரக்கு, அதை வெயில் தொடாது. காய்ந்த மூட்டையில் அந்த 60 கிலோ, நூற்றுக்கு 86 பங்கு. 60ஐ 86ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 69 கிலோ 770 கிராம் வரும். போனது 5 கிலோ 230 கிராம். 20 சதவீதம் பச்சை மூட்டையின் கணக்கு, 14 சதவீதம் காய்ந்த மூட்டையின் கணக்கு. இரண்டையும் நேரே கழித்ததுதான் பிசகு.

இன்னொன்று. அரசுக் கொள்முதலுக்கு ஈர வரம்பு 17 சதவீதம். அப்போது உங்கள் மூட்டை 72 கிலோ 290 கிராம் நிற்கும். உடனே போடுவதானால் அங்கேயே நிறுத்துங்கள். 14 வரை காய்ச்சிக் கொண்டுபோனால் மூட்டைக்கு இரண்டரை கிலோ உங்கள் கையைக் கடிக்கும். வீட்டில் இருப்பு வைக்க 14, விதைநெல்லுக்கு 13. இன்றைக்கே அந்த ஆளைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள். மனசில் வைத்துக்கொண்டு அவரிடம் வேலை வாங்காதீர்கள்.

வில்லியனூர் வாசகர்: ரோட்டில் காயவைத்த நெல் அரவையில் நொய்யாகப் போகிறதே?

தார்ச் சூட்டில் அரிசியின் மேல்பக்கம் சட்டென்று ஒடுங்குகிறது, நடுவில் ஈரம் நிற்கிறது. அந்த இழுபறியில் மணி வெடிக்கிறது. காய்ந்த நெல்லில் ராத்திரிப் பனி இறங்கினாலும் வெடிக்கும். நகத்தால் உமியை உரித்து, அரிசியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். குறுக்கே மயிரிழை மாதிரி கோடு தெரிந்தால் அது மில்லில் இரண்டாகும். களத்தில் பரப்பி, காலால் சால் சாலாகத் துழாவிவிட்டு, உச்சி வெயிலில் கூட்டி மூடுங்கள். வெடித்த நெல்லைப் புழுங்கலாக்குங்கள், அவிக்கும்போது விரிசல் ஒட்டிக்கொள்ளும். ரோடு மட்டும் வேண்டாம், பைக்கில் வருகிற பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

ரெட்டியார்பாளையம் வாசகர்: தராசு நல்லதாக எங்கே கிடைக்கும்?

பாட்டியிடம் மரக்கால் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி: வெங்காய வடகத்துக்கு எத்தனை நாள் வெயில் வேண்டும்?

நல்ல வெயிலில் பத்து நாள். முதல் நாள் எலுமிச்சை அளவு பிடித்த உருண்டை கடைசியில் நெல்லிக்காயாகிவிடும். சாயங்காலம் உதிர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை வடூவான் என்று தங்கள் சமையலில் சேர்த்துக்கொண்டார்கள். ஓவனில் காயவைத்தேன் என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

அதே வாசகி: நடுவில் மழை வந்தால்?

அள்ளிக்கொண்டு ஓடுங்கள்!