தாபோடியில் மிஞ்சிய ‘போ’

கேள்வி: சிறந்த தமிழ் எழுத்துரு எது?
பதில்: தன்னை மறக்கச் செய்து செய்தியைப் படிக்க வைப்பது.

கேள்வி: ஒருங்குறியில் மராத்தியும் தமிழும் ஒரே வரிசையில்தானே உள்ளன? எண்ணைக் கூட்டினால் எழுத்து மாறாதா? (வாசகர், தாபோடி)
பதில்: மாறும், ஆனால் வாசகரின் ஊர்தான் மிஞ்சாது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கும் ஒருங்குறி, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி அட்டவணையின் 1988-ஆம் ஆண்டு அடுக்கைப் பின்பற்றியதால், மராத்திக்குரிய தேவநாகரி எழுத்தின் எண்ணோடு 640-ஐக் கூட்டினால் அதற்கு நேரான தமிழ் இருக்கை கிடைத்துவிடும். வர்க்க எழுத்துகள் தமிழில் இல்லை என்பதால் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையே மூன்று இருக்கைகள் இன்றும் காலியாக உள்ளன, த, ட வரிசைகளிலும் அப்படியே. மராத்தியில் எழுதிய ‘தாபோடி’ என்ற ஊர்ப்பெயரின் முதல் மெய்யும் கடைசி மெய்யும் மெல்லோசை உடையவை ஆதலால் இரண்டும் காலி இருக்கைகளில் விழுந்துவிட, நடுவே முழுதாக நிற்பது ‘போ’ மட்டுமே. ஊர்ப்பெயர் கேட்டவரை ஊரைவிட்டே அனுப்பும் இந்த நிரலுக்கு உள்ள துணிச்சல் மராட்டிய ஆட்டோக்காரருக்கும் வராது.

கேள்வி: பழைய தமிழ்க் குறியேற்றமான டிஸ்கியை ஒருங்குறியாக மாற்றும் நிரல் ஒரு லினக்ஸில் ஓடுகிறது, மற்றவற்றில் படுத்துவிடுகிறது. ஏன்?
பதில்: விருந்தினர் கட்டுச்சோறு கொண்டுவராமல் வீட்டாரின் அடுப்பை நம்பியதால். பல லினக்ஸ்கள் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தின் குறியேற்ற மாற்றியான ஐகான்வ் டிஸ்கியை அறியும். ஆனால் ஒவ்வொரு குறியேற்றமும் தனிக்கோப்பாக இருப்பதால், ஃபெடோரா போன்ற லினக்ஸ்கள் அரிதானவற்றைத் தனிப் பொதியில் வைக்கின்றன. விண்டோஸிலோ ஐகான்வ் நூலகமே உடன் வருவதில்லை. ஆகவே பொதி கட்டுபவர் சார்புப் பட்டியலில் அந்தத் தனிப் பொதியைக் குறிப்பிட வேண்டும், அல்லது மாற்று அட்டவணையைத் தாமே கட்டிக்கொடுக்க வேண்டும். அட்டவணை மட்டும் போதாது என்பதற்கு ‘கொ’ சாட்சி: டிஸ்கி அதைக் கண்ணுக்குத் தெரியும்படி கொம்பு, க, கால் என மூன்று பைட்டுகளில் எழுத, ஒருங்குறி முதலில் க-வையும் பின்னர் ஒகரக் குறியையும் வைக்கிறது. கொம்பைக் கண்டதும் நிரல் சற்றுப் பொறுத்து, பின்னால் வருவதைப் பார்த்தே எழுத வேண்டும்.

கேள்வி: மாற்றிய கோப்புக்கு ‘இறுதி-2’ என்று பெயரிடலாமா?
பதில்: இடலாம், ‘இறுதி-3’ காத்திருக்கிறது.

கேள்வி: மாற்றியபின் மூலக்கோப்பை அழித்துவிடலாமா?
பதில்: கூடாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மின்னூல்களை டிஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. மாற்றும் நிரலின் பிழை பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும்போது, மூலம் இருந்தால்தான் திருத்த முடியும். அத்துடன் அது எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதையும் அருகிலேயே எழுதிவைக்க வேண்டும். வெறும் பைட்டுகள் அதைத் தாமாகச் சொல்லமாட்டா.