இருசு எவ்வளவு உசந்துச்சு?

எங்கள் வயலுக்குப் போகிற இட்டேரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வினையெல்லாம் அங்கேதான் முளைத்தது.

கோபிக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்காலுக்குக் கீழே எங்கள் பூமி. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இரண்டும் சேர்ந்து 24,504 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன என்பது அரசாங்கக் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் இட்டேரியை விட்டுவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்ட மறுவாரமே அதுவும் வயலாகிவிடும். நாற்று நடாததுதான் பாக்கி.

டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் திட்டு. அந்தத் திட்டின்மேல் என் பிக்கப் வண்டி அடைக்கோழி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பின்சக்கரம் சும்மா சுற்றும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்துவிடுவார். இழுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். நாலு வசவு வைதால்கூடத் தேவலை.

"வண்டியைத் தூக்கிரலாம் மாப்ள" என்றான் மச்சான். அவனுக்கு வேலை வெட்டி உண்டு. ஆனால் அதற்கு நடுவிலும் ரீல்ஸ் பார்க்க நேரம் கிடைக்கிறது. அமெரிக்காவில் பாப் சாண்ட்லர் என்பவர் 1974ஆம் வருச மாடல் ஃபோர்டு பிக்கப் ஒன்றை நெஞ்சளவுச் சக்கரத்தில் ஏற்றி, 'பிக்ஃபுட்' என்று பெயர் வைத்து, 1981இல் பழைய கார்கள்மேல் ஓட்டி நசுக்கினாராம். செல்போனில் காட்டினான். நானும் வாய் பிளந்து பார்த்தேன். எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி கேட்டாள்: "நம்ம இட்டேரியில நசுக்கறதுக்கு என்னங்க இருக்குது? நத்தையா?"

நல்ல கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போவது எனக்குப் பழகிப்போனது. பட்டறைக்குப் போனோம்.

பட்டறைத் தம்பி வேலை தெரிந்தவர். முன்பக்கம் டார்ஷன் பாரை முறுக்கி ஏற்றினார். பின்பக்கம் கமான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டங்குல இரும்புக் கட்டையைக் கொடுத்து, நீளமான யூ போல்ட் போட்டு முடுக்கினார். 215/75 ஆர் 15 டயர்களைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 பட்டன் டயர் நாலு. வண்டி இறங்கி நின்றபோது, சந்தைக்கு வந்த காங்கேயம் காளை மாதிரி இருந்தது. மச்சான் பத்துப் போட்டோ எடுத்தான். ஒன்பதில் அவன்தான் இருந்தான்.

முதல் சோதனை அம்மாவைப் பெற்ற அம்மிச்சி ரூபத்தில் வந்தது. பாரியூர் கோயிலுக்குக் கிளம்பினோம். கதவைத் திறந்தால் சீட்டு அவர் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. "இதென்றா, அட்டாலி மேலயா உக்காரச் சொல்றே?" என்றார். முக்காலி கொண்டுவந்து போட்டு, நான் கீழிருந்து தாங்க, வீட்டுக்காரி உள்ளிருந்து இழுக்க, ஏற்றிவிட்டோம். கதவைச் சாத்தி அரை மைல் போனபிறகுதான் முக்காலி வாசலிலேயே நிற்பது ஞாபகம் வந்தது. கோயிலில் இறங்க வழியில்லை. அம்மனை வண்டிக்குள் இருந்தே கும்பிட்டார். அன்றிலிருந்து உறம்பரை வீடு எதற்குப் போனாலும் அம்மிச்சியின் மடியில் முக்காலி.

அடுத்தது வாழைத்தார் ஏலம். பாரம் ஏற்றுகிறவர்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். "தாருக்கு ஒரு ரூவா சேத்திக் குடுத்துருங்க. தூக்கறது நாங்கதானுங்க?" என்றார் ஒருவர். நியாயம்தான். டாடா ஏஸ் 2005இல் வந்தபோது நம்மாட்கள் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்தார்கள். இந்த ஊரில் பாரவண்டிக்கு அழகே அது குட்டியாக இருப்பதுதான்.

ஏலக் களத்தில் இன்னொரு யோசனையும் வந்தது. அமெரிக்காவில் பிக்கப்பின் மூக்கை மட்டும் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டுவது ஒரு நாகரிகம். வடக்கு கரோலினா மாகாணம் 2021 டிசம்பரிலிருந்து அதற்குத் தடை போட்டிருக்கிறது: முன்பக்கம் பின்பக்கத்தைவிட நாலங்குலம் உயர்ந்தால் குற்றம். காசு செலவழித்து அந்தக் கோலத்தில் திரிகிறார்கள். இங்கே நூற்றைம்பது தார் ஏற்றினால் எந்த வண்டியும் தானாகவே மூக்கைத் தூக்கிக்கொண்டு வானம் பார்த்துப் போகிறது. அந்தச் சட்டம் கோபிக்கு வந்தால் ஏலத்தன்று ரோடு காலி.

சிரிப்பெல்லாம் திம்பம் மலைப்பாதை வரைக்கும்தான். தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. வளைவில் திருப்பினால் வண்டியின் மேல்பாதி அரை நொடி கழித்துத்தான் திரும்புகிறது. எதிரே வருகிறவன் கோபமாக லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறான். முன்பக்கம் உயர்ந்ததில் என் லைட் அவன் கண்ணில் அடித்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் முன்சக்கரம் பிடிக்கிறது, பின்னால் வருகிற முட்டைக்கோஸ் நிற்க மாட்டேன் என்கிறது. ஏறும்போது பாட்டுப் பாடிய மச்சான், இறங்கும்போது பலகை எண்ணை மட்டும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தான், சகஸ்ரநாமம் சொல்வதுபோல. பண்ணாரி வந்ததும் இறங்கி அம்மனுக்குச் சூடம் ஏற்றினான்.

விசாரித்தபோது தெரிந்த விஷயம் இது. என் வண்டியில் சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு அழுத்தத்தைப் பின் பிரேக்குக்கு அனுப்புவது அதன் உத்தியோகம். நாங்கள் கட்டை வைத்துத் தூக்கிவிட்டதால், ஒரு டன் முட்டைக்கோஸ் ஏற்றியும் அது வண்டி காலியென்றே நம்பிக்கொண்டிருந்தது. பட்டறைத் தம்பி இதை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம் "கெத்தா இருக்குமா?" என்பது ஒன்றுதான்.

இத்தனைக்குப் பிறகும் இட்டேரியில் ஜெயித்திருந்தால் மனசு ஆறியிருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பட்டன் டயரை நம்பி இறங்கினேன். பழைய இடம், பழைய திட்டு, பழைய அடைக்கோழி. சத்தம் கேட்டுத் தாத்தா, எங்கள் அப்புச்சி, தடியூன்றி வந்தார். கட்டை வண்டி ஓட்டிய மனுசன். வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து, வண்டிக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இருசு எவ்வளவு உசந்துச்சு?"

இருசு என்றால் அச்சு. பாடி இரண்டரை அங்குலத்துக்கு மேல் உசந்திருக்கிறது என்றேன்.

"பாடியக் கேக்கல. மண்ணத் தொடறது இருசுதான?"

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் அங்குலம். பழைய டயரின் விட்டம் 703.5 மில்லிமீட்டர், புதியது 733.5. வித்தியாசம் முப்பது. அச்சு நிற்பது சக்கரத்தின் நடுவில் என்பதால் அதற்குக் கிடைப்பது பாதி, பதினைந்து மில்லிமீட்டர். கட்டை வைத்ததெல்லாம் அச்சுக்கு மேலே. பாடிதான் ஏறியது, அடியில் தேங்காய் மாதிரித் தொங்குகிற டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவ்வளவு பணத்துக்கும் மண்ணுக்கு மேலே நான் வாங்கிய உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். ஸ்பீடாமீட்டர் நூறு காட்டும்போது வண்டி நூற்றி நாலில் போகும் என்பது கொசுறு.

அப்புச்சியின் கட்டை வண்டிச் சக்கரம் நெஞ்சளவு இருக்கும். இருசு தொடையளவில் நிற்கும். பாப் சாண்ட்லருக்கு ஐம்பது வருசம் முன்னாடியே அப்புச்சியுடைய அப்பாரு அதில் கரும்பு ஏற்றியிருக்கிறார். யாரும் போட்டோ எடுக்கவில்லை.

கடைசியில் வண்டிக்கு எஃப்.சி. எடுக்கிற நாள் வந்தது. விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார்: கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "எத்தனை மாத்தீருக்கறீங்க?" என்றார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, அடுத்த கைக்குப் போகும்போது நிறுத்திக்கொண்டேன்.

கட்டையைக் கழற்றியாயிற்று. டார்ஷன் பார் பழைய நிலைக்கு வந்துவிட்டது. பழைய டயரும் ஏறிவிட்டது. இட்டேரிக்கு இரண்டு லோடு கிராவல் அடித்து, நடுத்திட்டைக் கொத்திச் சமன் செய்தோம். ஒரு டயர் விலையில் பாதிகூட ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முதன்முறையாக வாய் திறந்து, "இதை அப்பவே பண்ணீருக்கலாமுங்க" என்றார்.

235/75 ஆர் 15 பட்டன் டயர், அதிகம் ஓடாதது, எங்கள் பொடக்காலியில் நாலு கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். மூன்றை உடனே எடுத்துக்கொள்ளலாம். நாலாவதில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.