சுமிசுவின் மாத்திரைக் கணக்கு

ஸ்மித் ஜப்பானுக்குப் போனால் சுமிசு ஆகிவிடுகிறார். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம்.

ஆங்கிலத்தில் அது ஒரே அசை. அயல்பெயர்களை எழுதும் கத்தகானாவிலோ, தனி மெய்யெழுத்தாக நிற்கும் உரிமை ‘ன்’ ஒன்றுக்குத்தான். ஆகவே முதல் ‘ஸ்’ஸுக்கு ஓர் உகரம். பல்லிடுக்கில் நாக்கை நீட்டிச் சொல்லும் கடைசி ஒலி அங்கே வழக்கில் இல்லை. அதற்கும் ஒரு ‘சு’. எழுதினால், நடுவில் மழைச்சாரல் போல மூன்று சாய்கோடு, இருபுறமும் காலை அகட்டி நிற்கும் ஒரே எழுத்து. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் சுமிசு. சம்பந்தர் பாடிக்காட்டிய மாலைமாற்று ஸ்மித்துக்குச் சும்மாவே வாய்த்துவிட்டது.

அந்தக் கடைசி உகரத்தைப் பெரும்பாலும் குரலில்லாமல் வெறுங்காற்றாக விட்டுவிடுகிறார்கள். நம் குற்றியலுகரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பது என் துணிபு. நம் இலக்கணம் மாத்திரையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானியர் குரலைப் பிடுங்கிக்கொண்டு மாத்திரையை முழுசாகக் கொடுக்கிறார்கள்.

மக்டொனால்டு அங்கே ‘மக்குதொனருதொ’, ஆறு மாத்திரை. பசித்தவனுக்குத் தாங்குமா? ஒசாக்காவில் ‘மக்குதொ’ என்று சுருக்கினார்கள். டோக்கியோவில் ‘மக்கு’ என்கிறார்கள், பாவம், தமிழ் தெரியாமல்.

இத்துறையின் தியாகி டாக்டர் ஹெப்பர்ன். 1859-இல் வந்த அமெரிக்க மிஷனரி. 1867-இல் ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளியிட்டவர். ஜப்பானியப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும் முறைக்கு அவர் பெயர்தான். பாஸ்போர்ட்டில் இன்றும் அதுவே நடப்பு. அந்த முறையை ஜப்பானியர் அழைப்பதோ ‘ஹெபொன்’ முறை என்று! ஊரார் பெயரையெல்லாம் ஒழுங்காக எழுத வழிகாட்டியவர் தம் பெயரின் ரகரத்தைப் பறிகொடுத்தார். மூன்றே மாத்திரை. பிற்காலத்தில் அதே பெயரோடு திரைக்கு வந்த ஆட்ரி ஹெப்பர்னோ ‘ஹெப்புபான்’: ஆறு மாத்திரை, சரியாக இரு மடங்கு. மருத்துவரைக் காதால் எழுதினார்கள், நடிகையைக் கண்ணால் எழுதினார்கள் என்பது என் கோட்பாடு.

இதைக் கெடுக்கவென்றே 1890-இல் மத்சுவே ஊருக்கு ஆசிரியராக வந்தார் லாஃப்காடியோ ஹெர்ன். அக்காலத்திலேயே அவரைக் கண்ணால் படித்து ‘ஹெருன்’ ஆக்கிவிட்டார்கள். 1896-இல் குடியுரிமை பெற்று கொய்சுமி யாகுமோ என்று பெயரையே மாற்றிக்கொண்டார். ஆனாலும் மத்சுவேக்காரர்களுக்கு அவர் இன்றும் ஹெருன் சான். பின்னாளில் நூல்களில் ‘ஹான்’ என்று திருத்தி அச்சிட்டார்கள். நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: ஹெருனுக்கும் மூன்று மாத்திரை, ஹானுக்கும் மூன்று.