டிரான்சிஸ்டர்க் குலவிளக்கம், உரையுடன்

இங்குக் கூறும் டிரான்சிஸ்டர் இருவகைத்து: என்பிஎன், பிஎன்பி. படத்தில் அம்பு வெளியே பாய்ந்தால் முன்னது; உள்ளே பாய்ந்தால் பின்னது. இரண்டிற்கும் கால் மூன்றே: எமிட்டர், பேஸ், கலெக்டர். எஸ்எல் 100-இன் தகரத் தொப்பியில் காது ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே எனின், அது எமிட்டர் இப்பக்கம் என்று காட்டும் அடையாளம், காலாகாது.

பிறப்பு: 1947 டிசம்பர், அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடம். ஜெர்மானியத் துண்டின்மேல் இரு முனைகளை ஊன்றிக் கண்டவர் பார்டீன், பிராட்டேன். அடுக்கு வகையை வகுத்தவர் ஷாக்லி. 1956-இல் மூவர்க்கும் நோபல். வரலாறு அவ்வளவில் நிற்க.

உடலால் மூவகை. கறுப்பு அரைநிலா, பிசி 547 போல்வது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் மேல்தொட்டி சர்க்யூட்டுகளில் வாழும். தகரத் தொப்பி, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர் கைப்பட்டு மாளும். பெருந்தொப்பி 2என்3055, சேலத்தில் ஆடிப் பண்டிகை மைக் செட்டுக்காரரின் பழைய ஆம்ப்ளிஃபயர் முதுகில் வரிசையாக உட்கார்ந்து சுடும். இதன் உடம்பே கலெக்டர் என்பதறியாது மைக்கா தாள் வைக்காமல் முடுக்குவார் ஃபியூஸ் கடைக்கு நடப்பார்.

இது மின்சாரத்தைப் பெருக்கும் என்பர் ஒருசாரார். அங்ஙனமன்று. மேட்டூர் மதகைத் தூக்குபவர் தண்ணீரைப் படைப்பதில்லை, தண்ணீர் அணையினுடையது. பேஸில் நுழையும் சிறு மின்னோட்டம், பவர் சப்ளையின் பெருமின்னோட்டத்தைக் கலெக்டர் வழியே விடுகிறது. அத்துணையே அதன் அதிகாரம்.

இனி ஒழுக்கத்தால் மூவகை: கிடப்பு, உழைப்பு, முழுத்திறப்பு. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட் ஏறும்வரை சிலிக்கான் கிடந்தபடி கிடக்கும். ஏறியபின் பேஸ் கேட்ட அளவுக்கு உழைக்கும். மேலும் ஊட்டினால் முழுதும் திறந்து, தனக்கென 0.2 வோல்ட் மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும்.

இவற்றுள் தொட்டிக்காரர் அஞ்சத்தக்கது நடுவண் வகை. மோட்டாரை இயக்கி நிறுத்தும் 12 வோல்ட், 400 ஓம் ரிலே ஒன்றைக் கொள்க. முழுதும் திறந்தால் 30 மில்லி ஆம்பியர் ஓடும். டிரான்சிஸ்டரில் வீணாவது 6 மில்லிவாட். பாதி திறந்தால் ஓடுவது 15, வீணாவதோ 90! மைக் செட்டுக்கு இந்த நடுநிலை இல்லாமல் பாட்டில்லை. தொட்டிக்கு அது வந்தால் ரிலே கடகடவென்று பல்லை நறநறக்கும், மோட்டார் துடிக்கும்.

நடுவில் மாட்டுவது எதனால் எனின், பெரும்பாலும் தொட்டி நிறைந்ததைப் பேஸுக்குச் சொல்ல நீரில் தொங்கும் கம்பியால். ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு மிகுதியாதலால் மின்சாரம் இனிதே ஓடும். ஆனால் பிளஸ் பக்கத்துச் செம்புக்கம்பி நாளடைவில் பச்சைக் களிம்பு பூத்து அரிபடும். பேஸுக்கு வரவேண்டியது வற்றும். தொட்டி வழிந்து, கோழிக்கு எதிர்பாராத மழை.

பெருக்கத்தால், அதாவது பேஸில் நுழைவதைப்போல் எத்தனை மடங்கு கலெக்டரில் விடும் என்பதால், வகுப்பாரும் உளர். அவர் பாடு பெரும்பாடு. பிசி 547 என்ற ஒரே பெயரில் 110 மடங்கும் உண்டு, 800 மடங்கும் உண்டு. ஏ, பி, சி என்று வாலொட்டினும் பி ஒன்றே 200 முதல் 450 வரை பரந்து கிடக்கும். ஆதலின், குறித்த மடங்கை நம்பி சர்க்யூட் போடுவார் கடைக்காரர் அடுத்த பொட்டலத்தை அவிழ்க்கும்வரையே கெட்டிக்காரர். ரிலேக்கு வேண்டிய 30 மில்லி ஆம்பியருக்குப் பேஸில் 3 கொடுத்துவிடுவதே முறை. 110-காரனும் வாய்பேசாமல் திறப்பான். தண்ணீர்க் கம்பி அவ்வளவு தராதாயின், முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டரை நிறுத்துக. ரிலேக்குக் குறுக்கே 1என்4007 டையோடும் வேண்டும். அணையும்போது சுருள் உதைப்பதைத் தாங்க.

எஞ்சியது போலி. பெருந்தொப்பிக்குள் சிறுதுண்டு சிலிக்கான் வைத்து 2என்3055 என்று அச்சடித்தது. மல்டிமீட்டரில் பேஸிலிருந்து இருபுறமும் 0.6 காட்டும்; அசலும் அதையே காட்டும். தொப்பியை அறுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். அசலாக இருந்துவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு வேறொன்று வாங்க வேண்டும், அதுவும் அதே கடையில்.